இருபத்திரண்டு கேள்விகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். மரக்காணம் பக்கத்துத் தாய்மார்களைப் பேட்டி காணும் வேலைக்கு என்னை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த 1979 பங்குனியில்தான் ஆரம்பித்தோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தாய்க்குத் தெரிகிறதா என இருபத்திரண்டு கேள்விகள். சொல்கிற பதிலை அப்படியே எழுத வேண்டும். நாம் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடும்.

தனக்கோடி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஒன்றரை வயது மகள் அமராவதி மடியில் துவண்டு கிடந்தாள். முந்தின நாளிலிருந்து தண்ணீராகவே போகிறதாம். கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

பேதியாகும்போது தண்ணீர் கொடுப்பீர்களா என்பது ஆறாவது கேள்வி.

"குடுக்கமாட்டேங்க. குடுத்தா இன்னும் போவும்னு சொல்றாங்க" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "நீங்க படிச்சவரு. குடுக்கலாங்களா சார்? நேத்துலேருந்து தண்ணி தண்ணின்னு கேக்குது."

"உங்களுக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லுங்கம்மா" என்றேன்.

'கொடுப்பதில்லை' என்று எழுதினேன்.

ஒன்பதாவது கேள்விக்கு, உப்பும் சர்க்கரையும் கலந்த மருந்துப் பொட்டலம் ஒன்றைக் காட்ட வேண்டும். காட்டினேன்.

"இன்னா சார் இது?"

'பார்த்ததில்லை' என்று எழுதிவிட்டுப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் காட்ட வேண்டுமே.

வெயில் கடுமையாக இருந்தது. தனக்கோடி உள்ளே போய் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அமராவதி சொம்பைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் குடித்து முடித்தேன்.

ஆபத்தான அறிகுறிகள் எவையென்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், எல்லாமே அவள் மடியில் இருந்தன. ஆனாலும் அவசரப்படுத்தாமல் பதிலுக்குக் காத்திருந்தேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் முடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் மதியத்துக்குள் குழந்தை இறந்துவிட்டதாக அவளுடைய பக்கத்து வீட்டுப் பக்கிரி சொன்னார்.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீரும் அந்தப் பொட்டலமும் குழந்தையைக் காப்பாற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தாய் கேட்டாள், நான் சொல்லவில்லை. ஆனால் அலட்சியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இரண்டாம் கட்டம், ஆடியில் தொடங்குகிறது. அதற்கும் நான்தான் வீடு வீடாகப் போகப்போகிறேன். தனக்கோடி வீட்டை மட்டும் பட்டியலில் அடித்துவிட்டேன். அங்கே இப்போது சின்னக் குழந்தை இல்லை.