பச்சைக்குடை எட்டேகால்

தம்பானூரில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டில் இருந்த புதுப்பெண் கணவனிடம், “உங்க பாஸ்வேர்டெல்லாம் சொல்லுங்க, நம்ம வாழ்க்கை நல்லாருக்கட்டும்” என்றாள்.

எல்லா பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க, ரெண்டு போனிலும் லேப்டாப்பிலும் ஓடும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

“நானே ஏத்திக்கறேன்.”

“ஏன், ஏதாவது பொண்ணு பேரா?”

“அப்ப பேரு தெரியாது.”

அவள் சிரிப்பு நின்றது. “எந்தப் பொண்ணு?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “பாஸ்வேர்டு, பச்சைக்குடை எட்டேகால். தினமும் எட்டேகாலுக்கு சாலை மார்க்கெட் ஸ்டாப்புல அந்தக் குடையோட நிப்பா.”

“அது என் குடை அல்லே?”

“ஓ, உன் குடைதான்.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பொண்ணு பாக்க வந்தப்பகூட சொல்லலையே?”

“பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க.”