இருவாச்சிக் கூட்டுக்கு இருபதடி

படம் எடுக்கிறவங்க நிறைய பேர் உட்கார்ந்திருக்கீங்க... உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை. அஞ்சு நிமிஷம்தான், சாப்பாடு ஆறாது.

வால்பாறைப் பக்கத்துக் காடு. இருவாச்சிப் பறவை தெரியும்தானே? பெண் பறவை மரப்பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கும். அலகு நுழையற அளவு ஒரு கீறல்தான் விடும். உள்ளே தாயும் குஞ்சும்... வெளியே இருந்து ஆண் பறவை ஊட்டினாத்தான் சோறு.

அந்த ஊட்டுற காட்சியைப் படம் எடுக்க ஞானதுரைன்னு ஒருத்தர் போனார். பல் டாக்டர். அவர் சொன்னா எல்லாரும் வாயைத் திறந்துதான் பழக்கம்! அனுமதி வாங்கி, வனக்காவலர் சடையனோட போனார். சட்டை பச்சை, தொப்பி பச்சை, லென்ஸுக்கும் பச்சை உறை. கூட்டுக்கு இருபதடியில உட்கார்ந்துட்டார்.

"டாக்டரே, இன்னும் தள்ளிப் போயிடலாமே?"

"யோவ், நான் இலையோட இலையா இருக்கேன். காக்கிச் சட்டையைப் பார்த்துத்தான் பறவை மிரளும். நீ கீழே போய் நில்லு."

சடையன் போயிட்டார். ஏழு மணி... ஆண் பறவை வரல. ஒன்பது... வரல. பொந்துக்குள்ள குஞ்சு கத்துது... கத்துது. பதினோரு மணிக்குக் குரலே தேய்ஞ்சு போச்சு. பார்க்க வந்த சடையன்கிட்ட டாக்டர் பொரிஞ்சு தள்ளினார்.

"என்னய்யா அப்பன் இது? புள்ளையைப் பட்டினி போட்டுட்டு எங்கே ஊர் சுத்துது?"

"தொப்பியைக் கழற்றுங்க டாக்டரே."

கழற்றினார். தொப்பி நிறைய எச்சம்! சில இடத்தில காய்ஞ்சே போச்சு.

"இப்போ மெதுவா மேலே பாருங்க."

நேர் மேலே, கிளையில... ஆண் இருவாச்சி. உள்ளே அடக்கி வெச்ச பழத்தால தொண்டை புடைச்சிருக்கு. அலகு நுனியில ஒரு அத்திப்பழம்.

"காலையில இருந்தா?"

"ஆமா. நீங்க எழுந்து போவீங்கன்னு."

டாக்டர் கேமராவைப் பையில போட்டார். இறங்கினார். பாதை திரும்பற இடத்தில, முதுகுக்குப் பின்னால பெரிய சிறகுச் சத்தம்... அப்புறம் குஞ்சோட கத்தல் நின்னுச்சு.

படம் கிடைச்சுதா? இல்லை. குஞ்சுக்குச் சோறு கிடைச்சுதா? கிடைச்சுது.

நண்பர்களே, ஒரு படத்துக்காக நாலு மணி நேரம் காத்திருந்தேன்னு பெருமையாச் சொல்றோம். நாம எப்போ கிளம்புவோம்னு எது காத்திருந்துச்சுன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா? படம் வேணும்தான். அந்தப் பறவை நல்லா வாழ்ந்தாத்தானே, நாளைக்கும் ஒரு படம்? அதனால காட்டில போய் உட்கார்ந்ததும், லென்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி... ஒரு தடவை தலைக்கு மேலேயும் பார்த்துடுங்க.