மாடிப்படியில் படையல்

செம்பட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் திடீரென்று கத்தினாள்.

"பேயா அலையிறது நான்தானாம்க்கா!"

"என்னடி ஒளறுற?"

"அந்தப் பழைய சத்திரத்துல, கீழ பாரும் மேல லாட்ஜும் இருக்குல்ல, அங்கதான கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தேன். மாடிப்படியில விழுந்து காலு ஒடஞ்சதும் ஆட்டோவுல ஏத்தி விட்டாங்க. அம்புட்டுத்தான். அப்புறம் ஒரு பய எட்டிப் பாக்கல. இப்ப நான் செத்துட்டேனாம், வாளியத் தூக்கிட்டு அந்தப் படியில ஏறுறேனாம்!"

"அடப்பாவிகளா! உசுரோட இருக்கேன்னு போயி சொல்லுடி."

"போன வாரம் போனேன். என்னையப் பாத்ததும் மேனேஜரு அலறிட்டு பாருக்குள்ள ஓடிட்டான். முன்னாடி வெள்ளிக்கெழம மட்டுந்தான் படியில எனக்குப் படையலு. இப்ப செவ்வாயும் போடுறாங்களாம். பிரியாணி, மல்லியப்பூ! வேல பாத்தப்ப சாப்டியான்னு ஒருநா கேட்டிருப்பானா?"

"சத்திரம் ஸ்டாப் எறங்குறது யாரு?" என்றார் கண்டக்டர்.

"இருங்க, நான் எறங்கணும்." அவள் காலை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ எங்கடி போற?"

"இன்னைக்குச் செவ்வாக்கெழம. எனக்கு வச்ச சோத்த நானே தின்னுட்டு வாரேன்."