அங்கப்பன் கைக்குப் பொருந்திய வாட்ச்

உங்கள் கையிலிருக்கும் வாட்ச் உங்களுக்குப் பெரிது, மேடம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்டேஷனுக்குள் வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ராப் மாட்டும் முனைகள் இரண்டும் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நிற்கின்றன. யாரோ பரிசாகக் கொடுத்திருப்பார்கள். பரிசு கொடுக்கிறவர்கள் டயலைப் பார்த்து வாங்குவார்கள், கையைப் பார்த்து வாங்குவதில்லை.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் பழைய வாட்ச் கடை வைத்திருக்கும் குழந்தைவேல் என்றால் சேலம்வரை தெரியும். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்கிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்தக் காலத்து வாட்சுகள் சிறியவை. சுற்றுலா வருகிற பையன்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "லேடீஸ் வாட்சுங்களா?" என்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நான் சண்டை போடமாட்டேன். மணிக்கட்டில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, முப்பத்தாறு மில்லிமீட்டரா முப்பத்தெட்டா என்று சொல்லிவிடுவேன். போகப்போக நூலும் வேண்டியிருக்கவில்லை. ஆள் டீ கிளாஸைப் பிடிக்கிறபோதே அளவு தெரிந்துவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் கையைப் பாருங்கள். நீங்கள் மாட்டிய விலங்கே நழுவியதைப் பார்த்தீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னை வெண்டைக்காய் என்று கூப்பிட்டார்கள். ஊருக்கெல்லாம் அளவு பார்த்துக் கொடுக்கிறவனுக்குத் தன் கைக்கு ஒன்று அமையவில்லை. எதைக் கட்டினாலும் அப்பன் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்ட பையன் மாதிரிதான் இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தலைச்சோலை அங்கப்பன் வாட்ச் கண்ணாடியை மாற்றுவதற்காகக் கடைக்கு வந்தார். காப்பியும் மிளகும் கொஞ்சம் வைத்திருந்த விவசாயி. முப்பத்துநான்கு மில்லிமீட்டர் ஆட்டோமேட்டிக், பால் நிற டயல். ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை ஒருவர் அங்கப்பனுடைய அப்பாவுக்குக் கொடுத்தது. அந்த அப்பா ஒல்லியாக இருந்திருப்பார். மகனுடையதோ கடப்பாரை பிடித்துத் தடித்த கை. ஸ்ட்ராப் கடைசி ஓட்டையில் திணறிக்கொண்டிருந்தது. ஆட்டுக்கல்லில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு மாதிரி இருந்தது அந்த வாட்ச்.

கண்ணாடியை மாற்றிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் என் கையில் கட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தது, மேடம். முனைகள் இரண்டும் எலும்போடு எலும்பாக நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இதை எனக்குக் கொடுத்துருங்க. உங்க கைக்குச் சரியா வேற ஒண்ணு நானே தர்றேன்" என்றேன்.

"ஏனுங்க, எங்கய்யன் கட்டுனதுங்க. சின்னதோ பெருசோ, கெடக்கட்டுமுங்க" என்று சிரித்தார்.

பிறகு அவர் வீட்டுக்குப் பலமுறை போனேன். போனபோதெல்லாம் காப்பி கொடுத்தார்கள், பலாச்சுளை கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர் அந்த வாட்சோடுதான் எரு அள்ளுவார். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியாது. ஒரு நாயை அடிப்பதைப் பார்த்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வராது.

இந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. "குறுக்கால எஸ்டேட்டு வழியாப் போயிரலாமுங்க, நொம்ப தூரமில்லீங்க" என்றார். நல்ல மூடுபனி. அவர் முன்னால் நடந்தார். உண்ணிச்செடி மூடிக் கிடந்த பழைய குழி ஒன்று இருந்தது. நான் தள்ளவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவராகத்தான் விழுந்தார்.

ஒன்றரை ஆள் ஆழம் இருக்கும். கீழேயிருந்து, "காலு போச்சுங்க. ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"வாட்சுக்கு அடி ஏதும் படலீங்களே?" என்று கேட்டேன்.

வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, "ஓடுதுங்க" என்றார்.

கயிறு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். கயிறு கொண்டுவரத்தான் நடந்தேன், சத்தியமாக. வழியில் யோசனை வந்தது. காப்பிப் பழம் பறித்து முடிந்துவிட்டது, அந்தப் பக்கம் இனி ஆள் நடமாட்டம் இருக்காது. தூக்கிவிட்டால் அந்த வாட்ச் மறுபடியும் எருக்குழிக்குப் போகும். தூக்கிவிடாவிட்டால் போகாது. இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகத் தூக்கம் வந்தது. காலையில் கடையைத் திறந்து வேலையை முடித்துக்கொண்டு, குழிக்குப் போய் வாட்சை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானம் அவர் மகள் புஷ்பலதா கடைக்கு வந்தாள். பக்கத்து ஹோட்டலில் வேலை பார்க்கிற பெண். முகம் வீங்கியிருந்தது.

"ஏனுங்கண்ணா, அப்பன் உங்ககூடத்தான வந்தாங்க? இன்னும் ஊடு வந்து சேரலீங்க."

"கோயில்லயே கூட்டத்துல பிரிஞ்சுட்டோம், கண்ணு. வந்துருவாங்க, அழுவாத" என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தேன். நான் போட்டிருந்தது முழுக்கைச் சட்டை. அவள் அழுது முடிக்கும்வரை இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். துணிக்குள் வாட்ச் இருப்பதே தெரியாமல் இருந்தது. சரியான அளவு என்றால் அப்படித்தான்.

தேடப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். குழிக்கு எதிர்த்திசையில் இருக்கிற கொட்டச்சேடு பக்கம் பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் மாடு தேடிப்போன ஒருவர் குழியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். உடலைத் தூக்கிவந்து எஸ்டேட் ரோட்டில் கிடத்தினார்கள். கால் தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கையில் வாட்ச் இருந்தது. அது காணாமல் போனால் யாராவது கேட்பார்கள் அல்லவா? அதனால் வேறு ஒன்றைக் கட்டிவிட்டிருந்தேன்.

என்னைக் கெடுத்தது என் தொழில் புத்திதான். கடையில் அதே மாதிரி பால் நிற டயலில் இரண்டு இருந்தன. ஒன்று அதே முப்பத்துநான்கு. இன்னொன்று முப்பத்தெட்டு. புத்தியுள்ளவன் சிறியதை எடுத்திருப்பான். பெற்ற மகளுக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. எனக்குக் கை வரவில்லை, மேடம். அவ்வளவு பெரிய மணிக்கட்டில் மறுபடியும் ஒரு பொட்டை ஒட்டுவதா? நம் கடை வாட்ச் அப்படிப் போகலாமா? முப்பத்தெட்டைத்தான் எடுத்தேன். ஸ்ட்ராப் நடு ஓட்டையில் அழகாக நின்றது.

புஷ்பலதா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை பாதியில் நின்றது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பன் கையில வாட்சு இத்தன லட்சணமா இருந்ததே இல்லீங்களே" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷம் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர்கூட அப்படிச் சொன்னதில்லை. "முப்பத்தெட்டு, கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து மேலே தள்ளினாள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் எழுதியதை ரைட்டர் வாசித்துக் காட்டினார். 'இறந்துகிடந்த அங்கப்பனின் கையிலிருந்து வாட்சைத் திருடி' என்று இருக்கிறது. அது தப்பு. திருத்த வேண்டும்.

நான் காலையில் போனபோது அவர் இறந்துகிடக்கவில்லை. மண்சுவரில் சாய்ந்து ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் கத்தியதில் குரல் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா, சாமி" என்றார். நான் விளிம்பில் படுத்துக் கையை இறக்கினேன். அவர் இரண்டு கைகளையும் தூக்கி நீட்டினார். இடது கையைப் பிடித்தேன். வாட்சைக் கழற்றி என் பையில் வைத்தேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். அடி படாமல் இருக்கக் கழற்றுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு முப்பத்தெட்டை எடுத்துக் கட்டினேன்.

"ஏனுங்க, இதெதுக்குங்க?" என்றார்.

"பாருங்க, இறுக்கமா இருக்குதுங்களா?"

அவர் வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரியா இருக்குதுங்க. தூக்கி உடுங்க, சாமி" என்றார்.

நான் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். அவர் கூப்பிட்டது கொஞ்ச தூரம்வரை கேட்டது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்து, தன் கையை நீட்டி, சரியாக இருக்கிறது என்று தன் வாயால் சொல்லிக் கட்டிக்கொண்டது அது. திருட்டு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். கையெழுத்துப் போடுகிறேன்.