உடைந்த சக்கரங்களை எடைபோட்டவர்

அம்மாவின் காரியத்தை முடித்து, மலாயாவின் கிள்ளானிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். அவள் போனதிலிருந்து எல்லாமே என் தப்பாகத்தான் தோன்றியது. எதிர்ப் பலகையில் இரண்டு பேர். ஒருவர் வார்ப்புப் பட்டறையில் இரும்பு ஊற்றுகிறவர். மற்றவர் அதே பட்டறையில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி.

“உடைஞ்ச பம்புச் சக்கரம் மூணையும் ஏன் கிராணி ஐயா தராசுல வச்சீங்க? மூணுக்கும் எஞ் சம்பளத்துல பிடிக்கவா?”

“இல்லை முனியாண்டி. ஈயச் சுரங்கக்காரர் சக்கரத்தை மெல்லிசாக் கேட்டவை. அந்த மெல்லிசுக்கு ஆர் வார்த்தாலும் சிலது உடையும். மற்ற வேலையளிலை உம்மட கையாலை ஒண்டும் உடையேல்லை, பாத்தனான். அதாலை நட்டத்தை உம்மட கணக்கிலை இல்லை, அந்த ஒரு வேலையின்ரை செலவிலைதான் எழுதினனான்.”

“அப்ப தராசு?”

“துண்டை உருக்கினால் திரும்பவும் இரும்புதானே? நிறுத்துப் பாத்து அந்த விலையை அதே வேலையின்ரை நட்டத்திலை கழிச்சனான்.”

“வீட்டுல சட்டி உடைஞ்சாக்கூட எம் பொஞ்சாதி எந்தலையிலதான்யா போடுவா!”

கிராணி சிரித்துக்கொண்டே, துரை கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்.

“இதுல எம்பேரு எங்க இருக்கு?”

“எங்கேயும் இல்லை.”

நானும் எட்டி, அந்தத் தாளில் அவர் பெயரைத் தேடினேன். எழுத்துத் தெரியாத முனியாண்டி ஒவ்வொரு வரியையும் விரலால் தடவினார். பிறகு அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.