எடுக்காத சீட்டு

உட்காரச் சொன்னீர்களே, நன்றி சார். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றே பழகிவிட்டது. யாராவது நாற்காலி காட்டினால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

யூனிஸ் எங்கள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்த நாள் முதல் அஸ்தினாபுரத்தில் என் வாடகை வீட்டில்தான் இருந்தாள். ஒன்பது வருஷம் ஒரே அடுப்பு. எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. அவள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பசிக்கும்.

போன வருஷம், எழுபத்தைந்தில், அவளுக்கு வெளிநாட்டு ஆசை வந்தது.

“அக்கா, வெளிநாட்டுக்கு நர்ஸ் அனுப்புற எழும்பூர் ஆபீஸ்ல சர்டிபிகேட், இன்டர்வியூ, ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட் எல்லாம் கரெக்டா பாக்குறாங்க. ஈரானுக்கு. ஆனா ஆறு மாசம் ஆகுமாம். கூடுவாஞ்சேரி ஏஜென்ட் வேதாசலம் சார் அடுத்த மாசமே குவைத்ங்கிறாரு. எது நல்லதுக்கா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். லீவு போட்டு எழும்பூர் போனேன். ஒழுங்கான இடம். அவர்கள் அனுப்பிய பெண்கள் எல்லோரும் அங்கேயே நன்றாக இருக்கிறார்களாம், ஒருத்திகூடத் திரும்பவில்லையாம். பெருமையாகச் சொன்னார்கள். ஒருத்திகூடவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கூடுவாஞ்சேரியில் வேதாசலத்தின் ஆபீஸ் பூட்டியிருந்தது. மகளை அவர் மூலம் அனுப்பிய சவுரிமுத்து என்பவர் வாசலில் காத்திருந்தார்.

“நர்ஸு வேலைன்னு இட்டுகினு போய் வூட்டு வேலை செய்ய வுட்டுட்டானுங்கம்மா. பாஸ்போர்ட்ட புடுங்கிகினு பூட்டி வச்சிகீறானுங்க.”

“யாராவது திரும்பி வந்தாங்களா?”

“ரெண்டு பொண்ணு அழுதுகினு வந்துச்சிங்க. இப்ப வெளிநாடுன்னாலே நடுங்குதுங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது அந்த இரண்டு பெண்களைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது.

எங்கள் சபையில் பலர், கல்யாணமோ வேலையோ முடிவாகாவிட்டால், பெயர்களைச் சீட்டில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்து ஜெபித்து ஒன்றை எடுப்பார்கள். யூனிசின் அம்மா தபீதாள் முடிச்சூரிலிருந்து வந்திருந்தார்.

“ஆண்டவர் சித்தம் எதுவோ அதுலயே போகட்டும். ரத்தினபாய், நீயே எழுதும்மா” என்றார்.

இரண்டு சீட்டிலும் கூடுவாஞ்சேரி என்று எழுதினேன். எடுக்காத சீட்டைப் பிரித்துப் பார்ப்பது அவிசுவாசம். எங்களில் யாரும் செய்ய மாட்டார்கள். யூனிஸ் ஒன்றை எடுத்துப் படித்து என்னைக் கட்டிக்கொண்டாள். மற்றதை அடுப்பில் போட்டேன். சவுரிமுத்துவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மூன்றே மாதத்தில் அழுதுகொண்டு வந்துவிடுவாள், அப்புறம் எங்கும் போக மாட்டாள் என்றுதான் கணக்குப் போட்டேன்.

குவைத்திலிருந்து கடிதம் வந்தது. ‘அக்கா, வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க. இந்த அட்ரஸை போலீஸ்ல குடுத்து எப்படியாவது கூப்பிட்டுக்கோங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க. வந்ததும் எழும்பூர் மூலமா ஈரானுக்கே போயிடுறேன்.’

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். இன்னும் ஆசை விடவில்லை. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கடிதத்தைப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன். இரண்டாவதையும் அங்கேதான் வைத்தேன். மூன்றாவதைப் பிரிக்கவேயில்லை.

ஜூன் மாதம் தபீதாளுக்குத் தந்தி வந்தது. இரண்டாம் மாடி ஜன்னல் வழியாகப் புடவையைக் கட்டி இறங்கப் பார்த்தாளாம். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நான் தரையில் விழுந்து அழுதேன் சார். இப்போதும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். கை கேட்க மாட்டேன் என்கிறது.

யூனிசின் துணிகளை எடுக்க வந்த தபீதாள் என் பெட்டியையும் திறந்ததால்தான் நான் இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். அட்ரஸ் கையில் இருந்தும் நான் பெற்ற பெண்ணைக் கொன்றுவிட்டாய் என்கிறார். சரிதான், நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்பது வருஷம் கூட இருந்துவிட்டு என்னைத் தனியாக விட்டுப் போக நினைத்தது யார்? அதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. யூனிசை எப்போதோ மன்னித்துவிட்டேன் சார்.