வீட்டோடு பத்தியம்

ஹட்டனிலிருந்து வட்டகொடை போகும் பஸ்ஸில் நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றில் கணக்குத் தவறிவிட்டது. முன் இருக்கையில் இருந்த இளம்பெண் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

"அரிப்பு என் கையில, கருவாட்ட விட்டது எங்க வீட்டுக்காரரு, அக்கா."

அவள் இரு கைகளும் முழங்கைவரை தடித்துச் சிவந்திருந்தன. மடியில் ஆயுர்வேத டாக்டர் கொடுத்த எண்ணெய்ப் போத்தல்.

பக்கத்தில் இருந்த மூத்தவள் கேட்டாள். "அவரு ஏன்டி விடணும்?"

"கருவாடு, கத்தரிக்கா, தக்காளி ஒன்னும் ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. என்னைய வச்சுக்கிட்டு அவரு மட்டும் திங்க மனசு வரலயாம்."

"பாசக்காரருதான். அரிப்பு கொறஞ்சிச்சா?"

"எங்கக்கா! எண்ணெய் பூசுனா அடங்குது, உடுப்புத் தொவைச்சா திரும்ப எரியுது. இப்பிடியே போனா கொழுந்து பறிக்க முடியாது. வேலைய விடவேண்டியதுதான்."

"ஒம் புருசன் தோட்டத்துல என்ன வேல செய்றாரு?"

"புல்லுக்கு மருந்தடிக்கிறாரு."

"அந்த உடுப்ப யாரு தொவைக்கிறா?"

"நாந்தான்."

"வெறுங்கையிலயா? இத டாக்டருகிட்ட சொன்னியா?"

"அவரு கேக்கலயேக்கா."

தலவாக்கலை தாண்டியதும் இளையவள் போனை எடுத்தாள்.

"ஏங்க, மருந்தடிச்ச உடுப்ப என் வாளியில போடாதீங்க. கையுறை மாட்டிக்கிட்டு நீங்களே தனியாத் தொவைங்க... இல்லங்க, கோவமெல்லாம் இல்ல. டாக்டரு சொன்னாரு. இதுவும் பத்தியந்தானாம்."

மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.